பழைய சி.என்.சி. லேத்துக்குப் புரோகிராம் எழுதுதல்

சி.என்.சி. லேத்தில் சக்கில் பிடித்த ஜாப் சுழல்கிறது. டர்ரட்டில் பூட்டிய டூல் இரண்டு அச்சுகளில் நகர்கிறது. ஜாபின் நீளவாக்கில் நகர்வது இசட் அச்சு. மையத்தை நோக்கியும் மையத்தை விட்டு விலகியும் குறுக்கே நகர்வது எக்ஸ் அச்சு. உருளை, படி, சரிவு, வளைவு, மரை என்று லேத்தில் பிறக்கும் எல்லா வடிவங்களும் அந்தச் சுழற்சியும் இந்த இரண்டு நகர்வுகளும் சேர்ந்து தருபவைதாம். கைலேத்தில் கைச்சக்கரங்களைக் கடைசல்காரரின் கண்ணும் காதும் ஆள்கின்றன. சி.என்.சி.யில் முன்கூட்டியே எழுதி வைத்த வரிகள் ஆள்கின்றன. பழைய இயந்திரத்தில் அந்த வரிகளுக்கும் உலோகத்துக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை. எழுதியவரின் எண்ணத்தை ஊகித்துத் திருத்தும் மென்பொருள் இல்லை. மோதப் போகிறது என்று முன்னதாகக் காட்டும் முப்பரிமாணப் படமும் இல்லை. ஆகவே இதற்குப் புரோகிராம் எழுதக் கற்பது குறியீடுகளை மனப்பாடம் செய்வதோடு முடிந்துவிடாது. சாதாரணக் கடைசலுக்கு வேண்டிய குறியீடுகள் சில டஜன்தான். பூச்சியம் எங்கே இருக்கிறது, ஏற்கெனவே சொல்லப்பட்டதாக இயந்திரம் எதை எடுத்துக்கொண்டிருக்கிறது என்ற இரண்டையும் எந்த நிமிடமும் தெரிந்து வைத்திருப்பதே பெரிய பாதி.

எண்களால் இயந்திரத்தை ஆளும் முறை அமெரிக்காவில் பிறந்தது. ஹெலிகாப்டர் சுழலிறக்கைகளின் வளைவைத் துல்லியமாக உருவாக்க வழி தேடிய ஜான் பார்சன்ஸின் யோசனையை, அமெரிக்க விமானப்படையின் ஆதரவில் எம்.ஐ.டி.யின் சர்வோமெக்கானிசம் ஆய்வகம் வளர்த்தெடுத்து, 1952இல் ஒரு மில்லிங் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது. கட்டளைகள் துளையிட்ட நாடாவிலிருந்து வந்தன. ஜப்பானில் ஃபுஜித்சுவுக்குள் தொடங்கிய எண் கட்டுப்பாட்டுப் பிரிவு 1972இல் ஃபானுக் என்ற தனி நிறுவனமானது. அது 1980களின் நடுவில் வெளியிட்ட 0 வரிசைக் கட்டுப்பாட்டுப் பெட்டி உலகெங்கும் பரவியது. லேத்துக்கான வடிவம் 0டி. கோவை, அம்பத்தூர், ஓசூர் ஜாப்வொர்க் பட்டறைகளில் இரண்டாம் கைக்கு வாங்கிய லேத்களில் இன்றும் அந்தச் சிறிய ஒற்றை நிறத் திரை மினுங்கிக்கொண்டிருக்கிறது. 'பழைய சி.என்.சி.' என்று இங்கே குறிப்பிடப்படுவது இந்தத் தலைமுறைதான். நாடா போய்விட்ட பிறகும் அதன் கணக்கு போகவில்லை: நினைவகத்தின் அளவு நாடாவின் நீளத்தில்தான் சொல்லப்பட்டது. ஓர் அங்குல நாடாவுக்குப் பத்து எழுத்து. 80 மீட்டர் என்றால் ஏறத்தாழ 31,500 எழுத்துகள். பட்டறையின் எல்லாப் புரோகிராம்களும் அதற்குள் அடங்க வேண்டும். அதனால்தான் பழைய புரோகிராம்கள் அத்தனை சுருக்கமாக இருக்கின்றன.

புரோகிராமின் ஒவ்வொரு வரியும் ஒரு பிளாக். ஒவ்வொரு பிளாக்கிலும் சில சொற்கள். ஒவ்வொரு சொல்லும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். பெட்டியின் விசைகளில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். இந்த அச்சுப் பிரதியில் அவை உச்சரிக்கும்படியே தரப்படுகின்றன. ஜி என்பது எப்படி நகர வேண்டும் என்பதையும், எம் என்பது ஸ்பிண்டில், கூலண்ட் போன்றவற்றின் இயக்கத்தையும், எஸ் சுழற்சியையும், எஃப் ஃபீடையும், டி எந்த டூல் என்பதையும் சொல்கின்றன. எக்ஸ், இசட் இரண்டும் போக வேண்டிய இடம். யூ, டபிள்யூ இரண்டும் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது. எக்ஸின் அளவு வழக்கமாக விட்டம். எக்ஸ்30.0 என்றால் டூல் மையத்திலிருந்து 15 மில்லிமீட்டரில் நிற்கும். ஜாப் 30 மில்லிமீட்டர் விட்டத்தில் வரும். வரைபடத்திலும் மைக்ரோமீட்டரிலும் விட்டம்தான் இருப்பதால் இந்த ஏற்பாடு கடைசல்காரருக்குப் பெரிய உதவி.

அடுத்தது தசமப்புள்ளி. பழைய ஃபானுக்கில் புள்ளி வைக்காத எண்ணை இயந்திரம் தன் மிகச் சிறிய அலகில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்30.0 என்பது 30 மில்லிமீட்டர். எக்ஸ்30 என்பது 0.030 மில்லிமீட்டர். இரண்டுமே இலக்கணப்படி சரியான வரிகள். அலாரம் வராது. விரைவு நகர்வுக்கான ஜி00 இருக்கும் வரியில் ஒரு புள்ளியை விட்டால் டூல் முழு வேகத்தில் ஜாபின் மையத்தை நோக்கிப் பாயும். கணிப்பானைப் போலப் புள்ளி இல்லாத எண்ணை மில்லிமீட்டராகவே எடுக்கும்படி பிற்காலப் பெட்டிகளில் பராமீட்டரை மாற்றி வைக்கலாம். அப்படி மாற்றிய புதிய இயந்திரத்தில் பழகிய கை பழைய இயந்திரத்துக்கு வரும்போதுதான் ஆபத்து அதிகம். ஆகவே எந்த இயந்திரமானாலும் எக்ஸ், இசட், யூ, டபிள்யூ, ஆர், எஃப் எண்களுக்குப் புள்ளி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. புள்ளி வைக்கக் கூடாத இடங்கள் சில உண்டு. அவை மரை வெட்டும்போது வரும்.

ஜி குறியீடுகளில் பெரும்பாலானவை ஒருமுறை சொன்னால் மாற்றும்வரை நிலைத்து நிற்பவை. ஜி01 என்று ஒருமுறை எழுதினால், அடுத்து வரும் வரிகளில் எக்ஸ், இசட் மட்டும் இருந்தாலும் ஃபீடில்தான் வெட்டும். இதனால் எழுத்து மிச்சமாகிறது. கூடவே ஒரு கண்ணியும் வருகிறது. ஜி99 என்றால் எஃப் ஒரு சுற்றுக்கு இத்தனை மில்லிமீட்டர். ஜி98 என்றால் ஒரு நிமிடத்துக்கு இத்தனை. முந்தைய புரோகிராம் ஜி98 நிலையில் விட்டுச் சென்றிருக்க, அடுத்ததில் எஃப்0.2 என்று வந்தால் டூல் நிமிடத்துக்கு 0.2 மில்லிமீட்டர் என்று நின்ற இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருக்கும். ஜி99 நிலையில் எஃப்100.0 என்று போனால் நடப்பது இதற்கு நேர் எதிர். அது இயந்திரத்தையே உடைக்கும். முந்தைய புரோகிராம் எந்த நிலையில் விட்டிருக்கும் என்று நம்பியிராமல், வேண்டிய நிலைகளை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். பெட்டி இலக்கணப் பிழையைப் பிடிக்கும்: அதற்குத் தெரியாத ஜி வந்தால் 010 அலாரம், ஃபீடே சொல்லாமல் வெட்டச் சொன்னால் 011 அலாரம். பொருள் பிழையை அது பிடிக்காது.

இனிப் பூச்சியம். இயந்திரம் தன் இடத்தை அறிய ஒரு நிலையான புள்ளி வேண்டும், அதுதான் ஹோம். இந்தத் தலைமுறை இயந்திரங்களில் பெரும்பாலானவற்றின் என்கோடர்கள், மின்சாரம் நின்றதும் இருந்த இடத்தை மறந்துவிடுபவை. ஆகவே ஒவ்வொரு முறை ஆன் செய்த பிறகும் இரண்டு அச்சுகளையும் ஹோமுக்கு அனுப்பியாக வேண்டும். முதலில் எக்ஸ், பிறகு இசட். டெயில்ஸ்டாக்கிலோ ஜாபிலோ டர்ரட் இடிக்காமலிருக்க இந்த வரிசை.

ஹோம் இயந்திரத்தின் பூச்சியம். புரோகிராம் எழுதுபவருக்கு வேண்டியது ஜாபின் பூச்சியம்: வழக்கமாக, முடித்த முகப்பின் நடுப்புள்ளி. எக்ஸ் பூச்சியம் சுழற்சி மையத்தில். இசட் பூச்சியம் முகப்பில். சக் இருக்கும் பக்கம் மைனஸ். இந்த இரண்டு பூச்சியங்களையும் இணைக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் இருந்தன. மிகப் பழைய வழி ஜி50. ஜி50 எக்ஸ்200.0 இசட்150.0 என்று எழுதினால், 'டூல் இப்போது நிற்கும் இடம் ஜாபின் பூச்சியத்திலிருந்து 200 விட்டம், 150 நீளம்' என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். டூல் உண்மையிலேயே அங்கே நிற்கிறதா என்று அது பார்ப்பதில்லை. நடுவில் நிறுத்திய புரோகிராமை, டூலைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகாமல் மீண்டும் தொடங்கினால், அச்சுக்கூட்டம் முழுவதும் அந்த அளவுக்கு நகர்ந்துவிடும். டூல் சக்கில் போய் மோதும். ஜி50 முறையில் எழுதிய பழைய புரோகிராம் கையில் கிடைத்தால், தொடக்க இடத்தை எழுதி வைக்காமல் அதை ஓட்டக் கூடாது.

0டியில் அதைவிடப் பாதுகாப்பான வழி இருக்கிறது: ஜியோமெட்ரி ஆஃப்செட். ஒவ்வொரு டூலுக்கும் ஹோமிலிருந்து ஜாபின் பூச்சியம் எத்தனை தூரம் என்பதை ஆஃப்செட் பக்கத்தில் பதிந்துவிட்டால், டூல் எங்கே நின்றாலும் கணக்கு சரியாக இருக்கும். பதியும் விதம் எளிது. முதல் டூலை அழைத்து, ஸ்பிண்டிலை ஓட்டி, ஹேண்டிலால் மேற்பரப்பில் மெல்லிய ஒரு வெட்டு எடுக்க வேண்டும். எக்ஸை அசைக்காமல் இசட்டில் மட்டும் வெளியே வந்து, ஸ்பிண்டிலை நிறுத்தி, விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். 44.32 என்று வந்தால், ஜியோமெட்ரி பக்கத்தில் அந்த டூலின் எண்ணில் கர்சரை வைத்து, எம் எக்ஸ் 44.32 என்று அடித்து இன்புட் விசையை அழுத்தினால் போதும். கழித்தல் கணக்கை இயந்திரமே போட்டுக்கொள்ளும். அடுத்து முகப்பில் ஒரு வெட்டு. இம்முறை இசட்டை அசைக்காமல் எக்ஸில் வெளியே வந்து, எம் இசட் 0. அளப்பதற்கு முன்பு அந்தந்த அச்சை அசைத்துவிடுவது பழகுநர்களிடம் அடிக்கடி காணப்படும் தவறு. பதிவாகும் எண் அசைத்த அளவுக்குப் பிசகியிருக்கும். அது முதல் ஜாப் கெடும்போதுதான் தெரியவரும்.

மற்ற டூல்களை அதே முகப்பிலும் அதே விட்டத்திலும் தொட்டுப் பதிய வேண்டும். கிரூவிங் டூலின் இன்சர்ட்டுக்கு இரண்டு முனைகள் உண்டு. முகப்பைத் தொடுவது சக் பக்கத்து முனை. அதனால் புரோகிராமில் எழுதும் இசட் அந்த முனைக்கு உரியது. மரை டூலின் கூர் நடுவில் இருப்பதால் இசட்டைக் கண்ணால் ஒத்துப் பார்த்துப் பதிந்தாலும் போதும். மரையில் துல்லியம் வேண்டியது எக்ஸில்தான். டூலை அழைக்கும் சொல்லில் நான்கு இலக்கம்: டி0101 என்றால் டர்ரட்டின் முதல் இடம், முதல் ஆஃப்செட். டி0103 என்று கைதவறி எழுதினாலும் இயந்திரம் ஏற்கும். முதல் டூல் மூன்றாவது டூலின் ஆஃப்செட்டோடு ஓடும். இடத்துக்கும் ஆஃப்செட்டுக்கும் ஒரே எண்ணையே வைத்துக்கொள்வது பட்டறையின் மாறாத விதியாக இருப்பது நல்லது.

ஸ்பிண்டில் வேகம் இரண்டு விதம். ஜி97 எஸ்1000 என்றால் நிமிடத்துக்கு 1000 சுற்று, விட்டம் எதுவானாலும். ஜி96 எஸ்180 என்றால் வெட்டும் இடத்தில் உலோகம் நிமிடத்துக்கு 180 மீட்டர் வேகத்தில் கடக்க வேண்டும். அதற்கேற்ற சுற்றை இயந்திரம் கணக்கிடும். சுற்று = 1000 × வெட்டு வேகம் ÷ (3.1416 × விட்டம்). 180 மீட்டருக்கு 40 மில்லிமீட்டரில் 1432 சுற்று, 20இல் 2865. முகப்பு எடுக்கும்போது டூல் மையத்தை நெருங்க நெருங்க விட்டம் பூச்சியத்தை நோக்கிப் போகும், சுற்று எல்லையின்றி ஏறும். அதைக் கட்டுவது ஜி50 எஸ்2500: 2500க்கு மேல் போகாதே. அச்சுக்கூட்டத்தை நிறுவும் அதே ஜி50, எஸ் மட்டும் வரும்போது வேக வரம்பாகிறது. சக்கின் மேல் பொறித்திருக்கும் உச்ச வேகத்துக்கும் ஜாப் நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்துக்கும் ஏற்றபடி இதை வைக்க வேண்டும். சுற்று ஏற ஏற, சுழற்சியின் விசையால் ஜாக்கள் வெளியே இழுக்கப்பட்டுப் பிடி தளர்கிறது. ஜாப் சக்கிலிருந்து பறப்பது உயிருக்கே ஆபத்து. ஜி96 எழுதும் ஒவ்வொரு இடத்திலும் அதற்கு முன்பு ஜி50 வரம்பு இருக்க வேண்டும்.

இனி ஓர் உதாரண ஜாப். 45 மில்லிமீட்டர் இ.என்.8 உருட்டுக் கம்பி, ஜாவிலிருந்து 85 மில்லிமீட்டர் வெளியே. முன்பகுதியில் 20 மில்லிமீட்டர் விட்டத்தில் 1.5 பிட்ச் மரை, 25 மில்லிமீட்டர் நீளம், அதன் முடிவில் 3 மில்லிமீட்டர் அகலப் பள்ளம். அடுத்து 30 விட்டம், 50 வரை. அங்கே உள்மூலையில் 2 மில்லிமீட்டர் வளைவு. அடுத்து 42 விட்டம், 70 வரை. முனைகளில் சேம்ஃபர். முதல் டூல் 0.8 மூக்கு வளைவுள்ள ரஃபிங் டூல்.

ஓ0012
ஜி21 ஜி40 ஜி97 ஜி99
ஜி28 யூ0
ஜி28 டபிள்யூ0
டி0101
ஜி50 எஸ்2500
ஜி96 எஸ்180 எம்03
ஜி00 எக்ஸ்48.0 இசட்2.0 எம்08
இசட்0
ஜி01 எக்ஸ்-1.6 எஃப்0.15
ஜி00 இசட்2.0
எக்ஸ்46.0

ஜி21 மில்லிமீட்டர், ஜி40 மூக்கு வளைவு ஈடு ரத்து. ஜி28 இரண்டும் டூலை ஹோமுக்கு அனுப்புகின்றன; கையால் செய்யும்போது போலவே எக்ஸ் முதலில். எம்03 ஸ்பிண்டிலை ஒரு திசையிலும் எம்04 மறு திசையிலும் சுழற்றும். எது சரி என்பது அந்த லேத்தில் டூல் எந்தப் பக்கம், எந்த முகமாகப் பூட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வேறு இயந்திரத்தின் புரோகிராமைக் கொண்டுவரும்போது முதலில் பார்க்க வேண்டியது அது. முகப்பு வெட்டு எக்ஸ்0இல் நிற்காமல் -1.6 வரை போவதற்குக் காரணம் உண்டு: டூலின் மூக்கு கூராக இல்லாமல் 0.8 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவாக இருப்பதால், அந்த வளைவின் அடி மையத்தைக் கடக்க விட்டக் கணக்கில் 1.6 கூடுதலாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு குமிழ் மிஞ்சும்.

ஜி00 பற்றி ஓர் எச்சரிக்கை. இரண்டு அச்சுகளையும் ஒரே வரியில் எழுதினால் டூல் நேர்கோட்டில் போகும் என்று எண்ணக் கூடாது. பழைய பெட்டிகளில் ஒவ்வொரு அச்சும் தன் உச்ச வேகத்தில் தனித்தனியே ஓடி, குறைந்த தூரம் உள்ளது முதலில் நின்றுவிடும். பாதை நடுவில் முறிந்து திரும்பும். காகிதத்தில் ஜாபைத் தொடாமல் போகும் கோடு, இயந்திரத்தில் ஜாபின் தோளில் இடிக்கலாம். நெருங்கும்போதும் விலகும்போதும் இடம் குறுகலாக இருந்தால் ஒரு நேரத்தில் ஓர் அச்சை மட்டும் அசைப்பதே வழி.

அடுத்து ரஃபிங். 45ஐ 20ஆக்க ஒவ்வொரு வெட்டையும் தனித்தனி வரியாக எழுதலாம், பக்கக்கணக்கில் போகும். ஜி71 சுழற்சிக்கு இறுதி வடிவத்தை மட்டும் சொன்னால் போதும்; இடையில் உள்ள வெட்டுகளை அதுவே பிரித்துக்கொள்ளும்.

ஜி71 யூ2.0 ஆர்0.5
ஜி71 பி10 க்யூ20 யூ0.5 டபிள்யூ0.1 எஃப்0.25
என்10 ஜி00 எக்ஸ்12.85
ஜி01 எக்ஸ்19.85 இசட்-1.5 எஃப்0.12
இசட்-25.0
எக்ஸ்28.0
எக்ஸ்30.0 இசட்-26.0
இசட்-48.0
ஜி02 எக்ஸ்34.0 இசட்-50.0 ஆர்2.0
ஜி01 எக்ஸ்40.0
எக்ஸ்42.0 இசட்-51.0
இசட்-70.0
என்20 எக்ஸ்46.0
ஜி00 எக்ஸ்150.0 இசட்100.0 எம்09

முதல் ஜி71இல் யூ2.0 ஒரு வெட்டின் ஆழம். ஆரக் கணக்கு, ஆகவே ஒரு தடவைக்கு விட்டம் 4 மில்லிமீட்டர் குறையும். ஆர்0.5 திரும்பும்போது விலகும் தூரம். இரண்டாவது ஜி71இல் வரும் யூவின் பொருள் வேறு: அது ஃபினிஷிங்குக்கு விட்டுவைக்கும் அளவு, விட்டக் கணக்கு. ஒரே எழுத்து அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒருமுறை ஆரமாகவும் ஒருமுறை விட்டமாகவும் வருவது இந்தச் சுழற்சியில் பலரும் இடறும் இடம். பி10, க்யூ20 வடிவம் எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிகிறது என்பது. அந்த வரிகளுக்குள் இருக்கும் எஃப்0.12 ரஃபிங்கின்போது பொருட்படுத்தப்படாது, ஃபினிஷிங்குக்கே உரியது. என்10 வரியில் எக்ஸ் மட்டுமே இருக்க வேண்டும், இசட் கூடாது. வடிவமும் ஒரே போக்கில் ஏறிக்கொண்டே போக வேண்டும்; நடுவில் விட்டம் குறையும் பள்ளம் இருந்தால் சாதாரண ஜி71 அதை ஏற்காது. மரைப் பள்ளம் இந்த வரிகளில் இல்லாமல் தனி டூலுக்கு விடப்பட்டது அதனால்தான்.

எக்ஸ்12.85 எங்கிருந்து வந்தது? சேம்ஃபர் 1.5 மில்லிமீட்டர், 45 பாகை. முகப்பில் அது 16.85 விட்டத்தில் தொடங்குகிறது. டூல் நிற்பதோ முகப்புக்கு 2 மில்லிமீட்டர் வெளியே. அதே சரிவை அங்கே வரை பின்னோக்கி நீட்டினால் விட்டம் இன்னும் 4 குறையும்: 12.85. இப்படிக் காற்றிலேயே சரிவில் தொடங்கி உலோகத்துக்குள் நுழைந்தால் முனையில் பிசிறு குறையும். மரைப்பகுதியை 20க்குப் பதில் 19.85க்குக் கடைவது, மரை வெட்டும்போது உலோகம் உச்சியில் சற்றே பிதுங்குவதற்கு இடம் விடுவதற்கு.

ஜி02இல் வரும் உள்வளைவுக்கும் ஒரு விளக்கம். டூல் சக்கை நோக்கி இசட்டில் வந்து, பின் வெளிப்பக்கமாக எக்ஸில் ஏறுகிறது. டர்ரட் பின்பக்கம் இருக்கும் லேத்தை முன்னே நின்று பார்த்தால் இந்தத் திருப்பம் கடிகாரத் திசை, ஆகவே ஜி02. வெளிமுனையை உருட்டினால் எதிர்த்திசை, ஜி03. இந்த இரண்டையும் மாற்றி எழுதினால், உள்ளே குழிய வேண்டிய இடம் வெளியே புடைத்து வரும்.

இங்கே காட்டிய இரண்டு வரி ஜி71 எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவானதல்ல. ஃபானுக்கின் 6டி, 10டி, 15டி போன்றவற்றில் அது ஒரே வரி: பி, க்யூ, யூ, டபிள்யூவோடு வெட்டின் ஆழமும் அதே வரியில், புள்ளி இல்லாமல் 2000 என்று வரும். பழைய புரோகிராமை ஒரு லேத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அலாரத்தில் நிற்கும் வரி பெரும்பாலும் இதுதான்.

ஃபினிஷிங் டூலுக்கு 0.4 மூக்கு வளைவு.

டி0303
ஜி50 எஸ்2500
ஜி96 எஸ்220 எம்03
ஜி00 ஜி42 எக்ஸ்46.0 இசட்2.0 எம்08
ஜி70 பி10 க்யூ20
ஜி00 ஜி40 எக்ஸ்150.0 இசட்100.0 எம்09

ஜி70 அதே என்10 முதல் என்20 வரையான வரிகளை ஒரே தடவையில் ஓட்டுகிறது. ஜி42தான் இங்கே கவனத்துக்குரியது. ஆஃப்செட் பதியும்போது தொட்டது வளைவின் இரண்டு ஓரங்களை. அவை சந்திக்கும் கற்பனைக் கூர்முனை உலோகத்தில் இல்லை. நேர் உருளையிலும் நேர் முகப்பிலும் இதனால் பிழை வராது. சரிவிலும் வளைவிலும் வரும். 45 பாகைச் சேம்ஃபரில் வெட்டப்படாமல் நிற்கும் உலோகத்தால், சேம்ஃபரின் அளவு மூக்கு ஆரத்தின் 0.586 பங்கு குறையும். 0.8 மூக்கால் 1 மில்லிமீட்டர் சேம்ஃபர் போட்டால் கிடைப்பது 0.53 மில்லிமீட்டர்தான். இதை ஈடுகட்டுவது ஜி42. டூல் செல்லும் திசையில் பார்க்க, ஜாபின் வலப்பக்கம் டூல் இருக்கும் வெளிக்கடைசலுக்கு அது. துளைக்குள் சக்கை நோக்கிப் போரிங் செய்யும்போது ஜி41. ஈடு வேலை செய்ய ஆஃப்செட் பக்கத்தில் ஆர் பத்தியில் மூக்கு ஆரமும், டி பத்தியில் மூக்கு நோக்கும் திசையின் எண்ணும் இருக்க வேண்டும்: வழக்கமான வெளிக்கடைசல் டூலுக்கு 3, போரிங் டூலுக்கு 2. ஆர் பூச்சியமாகவே விடப்பட்டால் ஜி42 எழுதியும் பயனில்லை. இயந்திரம் குறை சொல்லாது. சேம்ஃபர் மட்டும் சிறுத்து வரும்.

மேற்பரப்பின் வழவழப்பும் இந்த மூக்கையும் ஃபீடையும் பொறுத்தது. வரிமேடுகளின் உயரம், கணக்குப்படி, ஃபீடின் வர்க்கத்தை மூக்கு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தது. 0.12 ஃபீடும் 0.4 மூக்கும் 4.5 மைக்ரான் தரும். ஃபீடை இரட்டித்தால் அது நான்கு மடங்கு, 18 மைக்ரான். நேரத்தை மிச்சப்படுத்த ஃபினிஷிங் ஃபீடை ஏற்றுபவர்கள் இந்த வர்க்கக் கணக்கை மறந்துவிடக் கூடாது.

பள்ளம் எளிது. 3 மில்லிமீட்டர் இன்சர்ட்:

டி0505
ஜி97 எஸ்900 எம்03
ஜி00 எக்ஸ்32.0 இசட்5.0 எம்08
இசட்-25.0
ஜி01 எக்ஸ்17.5 எஃப்0.06
ஜி04 எக்ஸ்0.5
ஜி00 எக்ஸ்32.0
எக்ஸ்150.0 இசட்100.0 எம்09

ஜி04 அரை நொடி நிறுத்தம். பள்ளத்தின் அடி வட்டமாக முடிவதற்கு. வெளியே வரும்போது முதலில் எக்ஸ் மட்டும். இல்லாவிட்டால் இன்சர்ட் பள்ளத்தின் சுவரில் முறியும்.

மரைக்கு ஜி97 கட்டாயம். மரை வெட்டும்போது ஸ்பிண்டிலின் ஒவ்வொரு சுற்றுக்கும் டூல் சரியாக ஒரு பிட்ச் நகர வேண்டும்; ஒவ்வொரு தடவையும் அதே பள்ளத்தில் விழ வேண்டும். தடவைக்குத் தடவை விட்டம் குறைய, ஜி96இல் சுற்றும் மாறினால் தொடக்கம் நகர்ந்து மரை கெடும்.

டி0707
ஜி97 எஸ்1000 எம்03
ஜி00 எக்ஸ்24.0 இசட்5.0 எம்08
ஜி76 பி010060 க்யூ100 ஆர்0.03
ஜி76 எக்ஸ்18.16 இசட்-23.5 பி920 க்யூ300 எஃப்1.5
ஜி00 எக்ஸ்150.0 இசட்100.0 எம்09
எம்05
எம்30

மெட்ரிக் வெளிமரையின் ஆழம் பிட்சின் 0.6134 மடங்கு: 1.5க்கு 0.920. 20இலிருந்து அதன் இரட்டிப்பைக் கழித்தால் அடிவிட்டம் 18.16. முதல் வரியின் பியில் ஆறு இலக்கங்கள் மூன்று சோடிகள்: இறுதித் தடவை ஒன்று, முடிவில் சரிந்து வெளியேற வேண்டியதில்லை, மரைக் கோணம் 60. க்யூ100 மிகக் குறைந்த வெட்டு. இரண்டாவது வரியின் பி920 மரையின் ஆழம், க்யூ300 முதல் வெட்டின் ஆழம். பியும் க்யூவும் புள்ளி ஏற்காதவை. மைக்ரானில் எழுத வேண்டும். முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான். வெட்டுகள் சம ஆழத்தில் இறங்குவதில்லை. மொத்த ஆழம் முதல் வெட்டை, தடவை எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்கியதாக வளர்கிறது: 0.300, 0.424, 0.520 என்று. உள்ளே போகப் போகக் கூர் வெட்டும் அகலம் பெருகுவதால், ஆழம் குறைந்துகொண்டே வந்தால்தான் இன்சர்ட்டின் மேல் சுமை ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். இசட்5.0இல் தொடங்குவது அச்சு வேகம் பிடிக்கும் தூரத்துக்காக. மிக அருகில் தொடங்கினால் முதல் சில மரைகளின் பிட்ச் பிசகும். மரை ஓடும்போது ஃபீட் குமிழ் வேலை செய்யாது, ஃபீட் ஹோல்டும் உடனே நிறுத்தாது. ஸ்பிண்டில் குமிழை அந்த நேரத்தில் தொடவே கூடாது.

எழுதிய புரோகிராமை உலோகத்தில் வைப்பதற்கு முன் காற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒர்க் ஷிஃப்ட் பக்கத்தில் இசட்டை 100 மில்லிமீட்டர் வெளியே தள்ளி, ரேபிட் குமிழை மிகக் குறைத்து, சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக ஓட்டுவது நம்பகமான முறை. எந்தப் பக்கம் தள்ளப்பட்டது என்பதைத் திரையில் எண்ணைப் பார்த்து உறுதி செய்த பிறகே தொடங்க வேண்டும். மெஷின் லாக்கில் ஓட்டுவதும் உண்டு. அதில் அச்சுகள் அசையாமல் திரையின் எண்கள் மட்டும் ஓடும். முடிந்த பின் திரை சொல்லும் இடமும் டூல் நிற்கும் இடமும் வெவ்வேறு. மெஷின் லாக்குக்குப் பிறகு ஹோம் எடுக்காமல் ஆட்டோவில் தொடங்குவது மோதலுக்கு வழி. முதல் ஜாபில், ஒவ்வொரு டூலும் நெருங்கும்போது ஃபீட் ஹோல்டில் ஒரு கை வைத்து, ஜாபுக்கு முன் நிறுத்தி, திரையில் இருக்கும் 'மிச்ச தூரம்' கண்ணுக்குத் தெரியும் இடைவெளியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு பார்வை, தவறான ஆஃப்செட்டையும் விட்டுப்போன புள்ளியையும் சேர்த்தே பிடித்துவிடும்.

ஓட்டம் தொடங்கிய பின் அளவு மெல்ல நகரும்: இன்சர்ட் தேயும், இயந்திரம் சூடாகும். அப்போது புரோகிராமையோ ஜியோமெட்ரியையோ தொடக் கூடாது. வேர் ஆஃப்செட் இதற்கென்றே இருக்கிறது. 30 விட்டம் 30.03ஆக வந்தால், மூன்றாவது வேர் ஆஃப்செட்டில் யூ-0.03 என்று சேர்த்தால் போதும். விட்டக் கணக்கு என்பதால் அளவுகருவி காட்டிய வித்தியாசத்தை அப்படியே போடலாம், பாதியாக்க வேண்டியதில்லை. இன்சர்ட்டைத் திருப்பும்போது அந்த வேர் எண்ணைப் பூச்சியமாக்க வேண்டும்; தேய்ந்த முனைக்குச் சேர்த்த திருத்தம் புதிய முனைக்கு ஆகாது.

புரோகிராம்களும் ஆஃப்செட்களும் பராமீட்டர்களும் இருக்கும் நினைவகத்தை, மின்சாரம் இல்லாதபோது காப்பவை மூன்று பெரிய டார்ச் பேட்டரிகள், 4.5 வோல்ட். திரையில் பேட்டரி எச்சரிக்கை வந்தால், பெட்டி ஆன் நிலையில் இருக்கும்போதே அவற்றை மாற்ற வேண்டும். ஆஃப் செய்து கழற்றினால் அச்சுகளின் அளவு, வேகம், எந்தெந்தச் சுழற்சிகள் அனுமதிக்கப்பட்டவை என்பது வரை எல்லாம் அழியும். லேத் உலோகமாக நிற்கும், ஆனால் ஓடாது. அதனால் பராமீட்டர்களின் அச்சுப் பிரதி ஒன்று இயந்திரத்தின் கதவிலும், கோப்பு ஒன்று கணினியிலும் இருக்க வேண்டும். கோப்பாக எடுக்க ஆர்.எஸ். 232 வழி உண்டு: 25 முனை இணைப்பு, பெரும்பாலும் 4800 பாட் வேகம், 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட். இரு பக்கமும் இதே அமைப்பு இருக்க வேண்டும். கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் % குறி தனி வரியில் இருக்க வேண்டும். வாங்கும் பக்கத்தை முதலில் தயாராக வைத்துவிட்டு, அனுப்பும் பக்கத்தைப் பிறகு தொடங்க வேண்டும்.